கரி மிஞ்சிய விண்மீன்

ஆர்மேனியாவில் அந்தக் குளிர்காலம்
நாளுக்கு ஒரு மணி நேரம்தான் மின்சாரம்.
எந்த மணி என்று யாருக்கும் தெரியாது.
எல்லாச் சுவிட்சையும் போட்டபடியே விட்டுத் தூங்குவோம்.
நள்ளிரவில் வெளிச்சம் வந்து எழுப்பும்:
எழு, மாவு பிசை, துணி துவை, தலை அலசு.

ஆரகட்ஸ் மலைச் சரிவில் எங்கள் ஆய்வகம்.
குவிமாடத்தைச் சுழற்றும் மோட்டாருக்கு உயிரில்லை.
கீழே சமவெளி முழுக்க ஒரு விளக்கும் இல்லை.
காலமெல்லாம் நாங்கள் கேட்ட இருட்டு
கேட்டபடியே கிடைத்தது,
கருவி செத்த பிறகு.

மிச்சமிருந்தவை கண்ணாடித் தகடுகள்.
இருபது வருடத்துக்கு முந்தைய வானம்,
முப்பட்டகம் வழியாக எடுத்தது.
அதில் விண்மீன் புள்ளியாக விழாது,
எறும்பு நீளத்துக்கு ஒரு தீற்றலாக விழும்.
தகட்டுக்குப் பின்னால் மெழுகுவத்தி,
கண்ணில் இடுக்கிய பூதக்கண்ணாடி,
கையுறையில் விரல்நுனிகளை வெட்டியிருந்தேன்.
தீற்றல்களை வாசிப்பதற்குச் சம்பளம்
எட்டு நாள் ரொட்டி.

நீண்டு கிடப்பது நீல மீன்.
பெருத்த சொத்து, ஓட்டைக் கை.
சில பத்து லட்சம் ஆண்டில் எல்லாம் தீர்ந்து
வெடித்துப் போகும்.
சிவப்புக் குறுமீனோ
கூப்பனை எட்டாக மடித்து உள்பையில் வைத்திருக்கிறது.
பிரபஞ்சம் தொடங்கிய நாளிலிருந்து
அந்த வகையில் ஒன்றுகூட முதுமையால் சாகவில்லை.
சூரியன் நடுவயது.
பாதி எரிபொருள் பாக்கி இருக்கிறதாம்.
இதைச் சொல்லி ஜனவரியில் ஒருவரையும் சூடேற்ற முடியவில்லை.

நான் தேடியது வேறு.
முதிர்ந்து ஊதிய சில மீன்கள்
அடிவயிற்றில் சமைத்த கரியை
மேலே கிளறிக் கொண்டுவரும்.
அங்கே கரியும் ஆக்சிஜனும்
ஒன்றுக்கு ஒன்றாகக் கை கோத்துவிடும்.
ஜோடி சேர்ந்தது போக
எது மிஞ்சுகிறதோ, அதுதான் மீனின் பெயர்.
ஆக்சிஜன் மிஞ்சினால்
சுவருக்கு அடிக்கும் வெள்ளைப் பெயின்ட்டின் சொந்தக்காரன்,
டைட்டானியம் ஆக்சைடு, கோடுகோடாய்த் தெரியும்.
கரி மிஞ்சினால் நீலம் முழுதும் அணைந்துபோய்
புகைக்குள் கனலும் ஒரு சிவப்பு.
குறிப்பேட்டில் அதுவரை இரண்டு எழுதியிருந்தேன்,
மூன்றாவதில் பேனா மை உறைந்தது.

மையை இளக்கப் பக்கத்து அறைக்குப் போனேன்.
செத்ராக் தகரடுப்பில்
தகட்டுப் பெட்டிகளின் மரத்தை எரித்துக்கொண்டிருந்தான்.
கண்ணாடிகளை ஒவ்வொன்றாகத் துண்டில் சுற்றி
அடுக்கிவிட்டுத்தான் எரித்திருக்கிறான்.
சன்னலிடுக்கு முழுக்கப் பழைய செய்தித்தாள்.
நாற்காலியில் தலை சாய்ந்திருந்தது.
கன்னம் ஆரோக்கியமான குழந்தையின் கன்னம்போல் சிவந்து,
அதுதான் பயமாக இருந்தது.

கரியும் ஆக்சிஜனும், ஒன்றுக்கு ஒன்று.
அதே ஜோடி. வாசனைகூட இல்லை.

கதவை உதைத்தேன்.
அக்குளில் கைகொடுத்து இழுத்தேன்.
ஐம்பது வயது ஆள் இத்தனை கனமா?
பனியில் மல்லாத்திக் கன்னத்தில் அறைந்தேன்,
இரண்டு அறை மருத்துவத்துக்கு,
ஒன்று பெட்டிகளுக்கு.
வாந்தி எடுத்தான். கண் திறந்தான்.
மேலே மூவாயிரம் மீன்கள், ஒன்றையும் மதிக்காமல்,
"எந்தத் தகடு உடைஞ்சது, நுவார்த்?" என்றான்.

அப்போது மின்சாரம் வந்தது.
எல்லாச் சன்னல்களும் ஒரேயடியாக விழித்தன.
மேட்டில் குவிமாடம் கிறீச்சிட்டு
ஆளில்லாமல் சுழலத் தொடங்கியது.
"சுவிட்சை யார் போட்டு வச்சது?"
"நீதான். நவம்பர்ல."
உள்ளே போய் மாவு பிசைந்திருக்க வேண்டும்.
போகவில்லை.
பனியில் உட்கார்ந்து, போர்வைக்குள் இருவரும்,
பிளவு மூடிய அந்த மண்டை
ஒரு மணி நேரம் எதையோ தேடுவதைப் பார்த்தோம்.

காலையில் அடுப்பைத் தொட்டேன்.
நெருப்பு இல்லை, சூடு இருந்தது.
வெண்குறுமீன் அப்படித்தான்,
எரிவதை நிறுத்திய பிறகும்
நெடுங்காலம் ஆறிக்கொண்டே இருக்கும்.

ஏப்ரலில் தகடுகளைத் துடைத்துச் சரிபார்த்தபோது
என் மூன்று கரிமீன்களில் இரண்டு
துணியோடு வந்துவிட்டன.
மெழுகுவத்திப் புகை.
மூன்றாவதைத் தேய்த்தேன்,
எச்சில் தொட்டும் தேய்த்தேன்.
போகவில்லை.